இருப்புக் கொள்ளுதல்



ஆன்மிக வாழ்வில் எளிமை என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஒரு தகரப் பெட்டி என் நினைவைவிட்டு அகலவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். வேலூரில் எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒழித்துக் கொடுத்தோம். பீரோவில் இரண்டு தட்டு காலி செய்து வைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. நாலு புடவை, ஒரு துண்டு, திருநீற்றுச் சம்புடம், அப்பாவின் மூக்குக்கண்ணாடி. இவ்வளவுதான் அவள் உடைமை. எல்லாம் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். காலையில் புடவையை எடுத்துக்கொண்டு பூட்டுவாள். சாயங்காலம் காய்ந்ததை மடித்து வைத்துப் பூட்டுவாள். “பீரோவுல வையேம்மா” என்றால், “இருக்கட்டும்டி, பொண்ணு வீட்டுல எத்தனை நாளைக்கு?” என்பாள். ராத்திரி தூக்கம் வராமல் கூடத்தில் நடப்பாள். என்னம்மா என்று கேட்டால் ஒரே பதில்தான்: “இருப்புக் கொள்ளலடி.”

அம்மாவைவிடக் குறைவான பொருளோடு வாழ்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு துறவியின் மூட்டைகூட அவள் பெட்டியைவிடக் கனமாக இருக்கும். ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொருள் குறைவதும் மனம் ஊன்றுவதும் ஒன்றன் பின்னால் ஒன்று தானாக வந்துவிடுவதில்லை என்று அந்தப் பெட்டிதான் எனக்குச் சொன்னது.

இருப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் கையில் உள்ள சரக்கை இருப்பு என்கிறார். வங்கிக் கணக்கில் மிச்சம் நிற்கும் பணம் இருப்பு. தத்துவம் படித்தவர், உளதாந் தன்மையை இருப்பு என்கிறார். தூக்கம் வராத கிழவி, இருப்புக் கொள்ளவில்லை என்கிறாள். நான்கும் ஒரே சொல். கையில் உள்ளது, உயிர் உள்ளது, உள்ள இடத்தில் உள்ளம் தங்கியிருப்பது ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் பாடம் நடத்தியவளாக இருந்தும், அதன் ஆழத்தை அம்மா ராத்திரியில் நடந்ததைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

எளிமையும் இருப்பும் ஒருவரிடத்தில் சேர்ந்து அமைந்ததைப் பார்க்க எனக்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ரமண மகரிஷியின் வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய உபதேசத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அவர் காசை, துணியை, காகிதத்தை, கத்தரிக்காயை என்ன செய்தார் என்பதைப் பற்றி.

1896 ஆகஸ்டு 29. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட ஐந்து ரூபாய் அவன் கையில் இருக்கிறது. அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போகிறான். அந்தச் சீட்டு ‘நான்’ என்று தொடங்கி, போகப்போக எழுதுகிறவனையே ‘இது’ என்று சுட்டுகிறது. முடிவில் கையெழுத்துக்குப் பதிலாக வெறும் கோடுதான். இதைப் பற்றிப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டு ரூபாய்தான் பெரிதாகப் படுகிறது. உலகமே வேண்டாம் என்று போகிற பையன், தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதி வைக்கிறான். துறவு வந்த வேகத்திலும் கணக்குத் தவறவில்லை.

பழைய பூகோளப் படத்தில் பார்த்துத் திண்டிவனம்தான் அருகில் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினான். பிறகு வழி தெரிந்து விழுப்புரத்தில் இறங்கினான். மிஞ்சியிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயிலில் போக முடிந்தது. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர்க் கோயில், கீழூர்க் கோயில், பசி, மயக்கம். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமி நாளில் வயிறார உணவு கிடைத்தது. காதில் இருந்த கடுக்கனை அவரிடமே அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான். மீட்கும் எண்ணம் இல்லாததால் அடகுச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 காலையில் ரயிலில் திருவண்ணாமலை. கோயிலுக்குள் போய் அருணாசலேசுவரர் முன்னால் நின்றான். வெளியே வந்து அய்யங்குளக் கரையில் மிச்சப் பணம் மூன்றரை ரூபாயையும், பாகவதர் வீட்டில் கட்டிக் கொடுத்த பட்சணப் பொட்டலத்தையும் வீசினான். பூணூலும் போயிற்று. தலையை மழித்துக்கொண்டான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டான்.

இந்தக் குளக்கரைக் காட்சிதான் எல்லோருக்கும் பிடித்தது. காலட்சேபம் செய்கிறவர்கள் இந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொண்டவள்தான். வீசி எறிவதில் ஒரு வீரம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது நமக்கும் எதையாவது வீசிவிட்டுப் போகத் தோன்றுகிறது.

அதே மனிதரை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆசிரமத்தில் பாருங்கள். தபால் வருகிறது. கடிதங்களில் குத்தியிருக்கும் குண்டூசிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிறார். பத்திரிகை சுற்றி வந்த காகிதத்தை நீவி மடித்து வைக்கிறார். ஒரு பக்கம் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்து நோட்டுப் புத்தகம் ஆக்குகிறார். கிழிந்த புத்தகங்களைத் தானே பைண்டு செய்கிறார். தையல் இலை தைக்கிறார். விடியுமுன் சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்குகிறார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட வீண் போக விடுவதில்லை என்று அவரிடம் சமையல் கற்ற பெண்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததைக் கண்டவர்கள் உண்டு. விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில் கோவணம் கிழிந்தபோது, யாரிடமும் ஊசியோ நூலோ கேட்காமல் ஒரு முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவித் தைத்துக்கொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பதினாறு வயதில் மூன்றரை ரூபாயைக் குளத்தில் எறிந்தவர் அறுபது வயதில் குண்டூசியைப் பொறுக்குகிறார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? பல வருஷம் இந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறேன். வயதானால் சிக்கனம் வந்துவிடும் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. எடுத்து வைத்த ஊசி அவருக்கானது இல்லை. மறுநாள் ஆபீசில் யாருக்காவது வேண்டியிருக்கும். அதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாமே என்பதுதான் காரணம்.

எனக்குக் கிடைத்த விடையைச் சொல்கிறேன். கிளம்புகிறவன் வீசுகிறான். தங்குகிறவன் பொறுக்குகிறான். நாளைக்கு வேறோர் ஊர், வேறொரு வீடு, வேறொரு வாழ்க்கை என்று மனத்தில் ஒரு மூலையில் வைத்திருக்கிறவனுக்குக் கைக்கு எட்டியதெல்லாம் தற்காலிகம். ரயிலில் பக்கத்து இருக்கைக்கு அடியில் கிடக்கும் காகிதத்தை யார் எடுப்பார்கள்? இதுதான் இடம், இதற்கப்பால் போக ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டவருக்கு ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு காம்பும் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. குளத்தில் எறிந்தது இருப்புத் தேடிப் போன பையன். குண்டூசி எடுத்தது இருப்புக் கொண்ட பெரியவர். இரண்டில் எது பெரிய செயல் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவது என்பேன். முதலாவதற்கு ஒரு நாள் போதும். இரண்டாவது தினமும் விடிகாலையில் நடந்தது.

எளிமை என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்று அதைப் பொருள் குறைப்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். நம் மொழியில் அது அப்படிப் பிறக்கவில்லை. எளிது என்றால் கைக்கு எட்டுவது. பெருமாளுக்கு இரண்டு குணம் என்று வைணவ உரையாசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள்: எட்ட முடியாத பரத்துவம் ஒன்று, யாரும் எட்டக்கூடிய சௌலப்பியம் ஒன்று. சௌலப்பியத்துக்குத் தமிழ் எளிமை. அரசனைக் குடிமக்கள் எளிதில் போய்ப் பார்க்க முடியவேண்டும் என்பதை இறைமாட்சிக்கு ஓர் இலக்கணமாகவே வள்ளுவர் வைத்தார். ஆக, ஒருவர் எளியவரா என்று அறிய அவர் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணுவதைவிட, யார் யார் அவர் வாசலில் தடையில்லாமல் நுழைய முடிகிறது என்று பார்ப்பது நல்லது.

ரமணரின் கூடத்துக் கதவு அப்படித் திறந்திருந்தது. கடைசி ஆண்டுகளில் அவருக்கு உடம்பு தளர்ந்தபோது, மதியம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகவேண்டாம் என்று நிர்வாகத்தார் ஏற்பாடு செய்தார்கள். அன்பினால் செய்த ஏற்பாடுதான். அவர் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரக்கூடாது என்பது வருகிறவர்களுக்கு, வெளியே போகக்கூடாது என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்பது அவர் நியாயம்.

பந்தியிலும் இதே கதைதான். அவர் இலையில் மட்டும் எதையாவது கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் முகம் மாறிவிடும். மருந்து கொண்டு வந்தாலும், சத்துணவு கொண்டு வந்தாலும், எல்லோருக்கும் உண்டா என்றுதான் முதலில் கேட்பார். எல்லோருக்கும் இல்லாதது தனக்கு வேண்டாம். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் தடுமாறிப் போகிறேன். நாம் செய்துகொள்ளும் எளிமையில் எத்தனை ‘தனி’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு உப்பில்லாமல் தனியாக, எனக்கு வெங்காயம் போடாமல் தனியாக, நான் கட்டிலில் படுக்கமாட்டேன், எனக்கு மட்டும் தனியாக ஒரு பாய். எளிமைக்கென்று வீட்டில் நாலு பேர் ஓடவேண்டியிருக்கிறது. விரதம் இருக்கிறவருக்குச் சமைப்பது, சாப்பிடுகிறவருக்குச் சமைப்பதைவிடச் சிரமம் என்பது இந்த அவையில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும்.

குகையில் இருந்த காலத்தில் பிச்சை எடுத்து வந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். சில நாள் உப்பு இருக்காது. மலையிலிருந்து இறங்கி வந்து கேட்டால் உப்புத் தராதவர் ஊரில் யார்? ஆனால் கேட்டதில்லை. இன்று உப்புக் கேட்டால் நாளை நாக்குப் பருப்புக் கேட்கும், அதற்கு மறுநாள் வேறொன்று கேட்கும் என்பது அவர் கணிப்பு. அதே சமயம் யாராவது உப்புப் போட்டுச் சமைத்துக் கொண்டு வந்து கொடுத்தால் மறுத்ததும் இல்லை. கேட்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் துறவு பூண விரும்புகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டாவது பாதி எவ்வளவு பெரியது என்பதை அவருடைய தாயார் அழகம்மாளின் கதை காட்டுகிறது. நான் ரமணரிடம் நெருங்கியதே அந்த அம்மாள் வழியாகத்தான்.

ஓடிப்போன மகன் இருக்கும் இடம் தெரிந்து, 1898 கடைசியில் மூத்த மகனோடு அவர் பவழக்குன்றுக்கு வந்தார். அழுதார், கெஞ்சினார். பட்சணம் செய்து கொண்டு வந்து கொடுத்தார். மகன் பேசவில்லை. அருகில் இருந்தவர்கள் மனம் இளகி, ஒரு வார்த்தையாவது எழுதிக் காட்டுங்கள் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தபோது, நடப்பது அவரவர் வினைப்படி நடக்கும் என்ற பொருளில் சில வரிகள் எழுதினார். அதில் அம்மா என்ற விளிகூட இல்லை. தாய் வெறுங்கையோடு திரும்பினார். மகனைப் பெற்ற யாருக்கும் படிக்கக் கஷ்டமான பக்கம் அது. இதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அன்று இன்னும் வேர் பிடிக்காத செடி. யார் தொட்டாலும் ஆடும் என்பதால் அசையாமல் நின்றது என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

பதினெட்டு ஆண்டு கழிந்தது. 1916-இல் அழகம்மாள் நிரந்தரமாகவே மலைக்கு வந்துவிட்டார். இந்த முறை மகன் அனுப்பவில்லை. குகையிலிருந்து கொஞ்சம் மேலே கந்தாசிரமத்துக்கு எல்லோரும் இடம் மாறினார்கள். அதுவரை அடுப்பு என்று சொல்லும்படி ஒன்று இல்லை. வந்த பிச்சைதான் உணவு. அழகம்மாள் அடுப்பு மூட்டினார். ஒரு பாத்திரம் வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும் என்று மகன் எச்சரித்தார், கேலி செய்தார். அப்பளம் இடும் வேலையையே ஞானமாக்கி அம்மாவுக்காக ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார். அடுப்பை மட்டும் அணைக்கச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒரு கோவணத்தோடு இருபது ஆண்டு இருந்தவர் தம் எளிமைக்குள் ஒரு தாயின் சமையற்கட்டுக்கு இடம் கொடுத்தார். அதனால் எளிமை குலையவில்லை. குலையும் என்று பயந்திருந்தால் அவருடையது வறட்டு நோன்பாக நின்றிருக்கும். வேர் பிடிக்காத நாளில் தாயின் கண்ணீருக்குக்கூட முகம் கொடுக்க முடியாதவர், வேர் பிடித்த பிறகு தாயின் பாத்திரம் பண்டங்களோடு சேர்த்து அவரை ஏற்றுக்கொண்டார். இருப்புக் கொண்டவருக்குத்தான் விட்டுக்கொடுக்க முடிகிறது. பின்னாளில் அதே மகன் விடியுமுன் எழுந்து காய் நறுக்கி, கூட்டுக்குப் பதம் பார்த்து, பெண்களுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தார் என்றால், அந்த அடுப்பு அழகம்மாள் மூட்டியதன் தொடர்ச்சிதான்.

1922 மே 19 அன்று அழகம்மாள் காலமானார். அன்று முழுவதும் மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். மலையின் தெற்கு அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். கந்தாசிரமத்திலிருந்து தினமும் இறங்கி வந்து சமாதியைப் பார்த்துவிட்டு ஏறிப் போவார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் இறங்கி வந்தவர் திரும்ப ஏறவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். திட்டமில்லை, நாள் பார்க்கவில்லை. ரமணாசிரமம் என்று நாம் இன்று சொல்வது அப்படி ஒரு கொட்டகையில் தொடங்கியதுதான். அம்மாவைவிட்டு ஓடிவந்தவர் கடைசியில் அம்மாவின் காலடியில் நிலைகொண்டார்.

அதன்பின் நிலம் வந்தது, கட்டடம் வந்தது, நிர்வாகம் வந்தது. நிர்வாக உரிமை பற்றி வழக்கும் வந்தது. கமிஷன் வைத்து அவரிடமே வாக்குமூலம் வாங்கினார்கள். காசைத் தொடாதவரைச் சுற்றிச் சொத்து வளர்ந்தது என்பதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. கூட்டத்தை விட்டு எங்காவது போய்விடலாம் என்று சில முறை நினைத்ததுண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். போகவில்லை. போவதாலும் ஒன்று நடந்துவிடாது என்று தெரிந்த பிறகு, இருக்கிற இடத்தில் குண்டூசி பொறுக்கிக்கொண்டு இருந்தார். 1896-இல் ரயிலைவிட்டு இறங்கியவர் 1950 வரை ஐம்பத்து மூன்றரை ஆண்டு அந்த மலையைவிட்டு நீங்கவில்லை.

இதை ஒரு சபதமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சபதமாகவே எடுத்துக்கொள்கிற மரபு ஒன்று மேற்கில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு ஒழுங்கு வகுத்தபோது, சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை நிலைத்திருப்பேன் என்பதை ஒரு வாக்குறுதியாகவே வைத்தார். மடம் விட்டு மடம் போய், மூன்று நாள் நாலு நாள் விருந்தாளியாக இருந்து, எங்கும் தங்காத துறவிகளை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஊன்றாத இடத்தில் தன்னைத் தான் பார்க்கும்படி நேராது என்பது அவர் கண்ட உண்மை. கூடவே இருக்கிற ஆளின் குறட்டையும் கோபமும் பழகும்வரை இருந்தால்தானே நம் கோபம் நமக்குத் தெரியும்?

அந்த வாக்குறுதி கொடுத்த ஒரு பிரெஞ்சுத் துறவி 1949 ஜனவரியில் ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலை வந்தார். ஆன்றி லெ சோ என்பது அவர் பெயர். பிரிட்டனியில் கெர்கொனான் மடத்தில் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டு இருந்துவிட்டு, முந்தைய ஆண்டுதான் இந்தியா வந்திருந்தார். முதல் தரிசனத்தில் எதிர்பார்த்த எதுவும் தமக்கு நேரவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். பிறகு காய்ச்சலில் படுத்தபோதுதான், வேத பாராயணமும் அந்த முகமும் உள்ளுக்குள் வேலை செய்யத் தொடங்கின. 1950-இல் குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரை மாந்தோப்பில், மோன்ஷனென் என்ற பாதிரியாரோடு சேர்ந்து சாந்திவனம் ஆசிரமத்தை அமைத்தார். காவி கட்டினார், அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆனால் சாந்திவனத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அருணாசலக் குகைகளுக்குப் போவார், காவிரிக்குத் திரும்புவார், இமயத்துக்குப் போவார், மறுபடி வருவார். கிறிஸ்துவுக்கும் அருணாசலத்துக்கும் நடுவில் கிழிபட்டதை அவருடைய நாட்குறிப்பு ஒளிக்காமல் சொல்கிறது. 1968-இல் சாந்திவனத்தை பீட் கிரிபித்சிடம் விட்டுவிட்டு வடக்கே உத்தரகாசிப் பக்கம் போய்விட்டார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் பஸ் பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பால் தெருவில் விழுந்தார். அந்த விழுந்த நேரத்தில்தான், வாழ்வுக்கும் சாவுக்கும் அப்பாற்பட்ட ஓர் இருப்புத் தமக்குத் தெளிந்தது என்று நண்பர்களுக்கு எழுதினார். அந்த டிசம்பரில் இந்தூரில் காலமானார்.

வாக்குறுதி கொடுத்தவர் அலைந்தார், ஓடிவந்த பையன் நிலைத்தான். இதை வைத்து ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்த நான் முன்வரமாட்டேன். இருபத்தைந்து ஆண்டு இருப்புக் கொள்ளாமல் தவித்ததை ஒரு வரிகூட அழகுபடுத்தாமல் எழுதி வைத்த அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. காலுக்கு ஊர் தேடி அலைந்ததில் கிடைக்காதது, ஒரு தெருவோரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அவருக்குக் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இன்று திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வருகிறார்கள். அது நல்லதுதான். என் மாணவிகளில் சிலர் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் ஆசிரமம் என்று போகிறார்கள். டீச்சர், எங்கே போய் இருந்தால் மனசு நிற்கும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களிடம் நான் மலையைப் பற்றிப் பேசுவதில்லை. உன் வீட்டில் கீரை ஆய்கிறவர் யார், அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாயா என்று கேட்கிறேன்.

ரமணருக்கு 1948 இறுதியில் இடது கையில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய். அடுத்த ஆண்டில் நான்கு முறை அறுவை செய்தார்கள். தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. உட்கார முடியாத நாளில், படுத்திருந்த சிறிய அறையின் வாசல் வழியாக ஜனங்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்களைவிட்டுப் போகிறீர்களே என்று அழுதவர்களிடம், போவதற்கு இடம் எது என்ற பொருள்படத் திருப்பிக் கேட்டார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு மூச்சு அடங்கியது. விட்டுச் சென்றது கோவணம், துண்டு, கமண்டலம், கைத்தடி. மதுரையில் விட்டுவந்த இரண்டு ரூபாய்க்கும் இதற்கும் இடையில் அவர் தமக்கென்று சேர்த்தது வேறெதுவும் இல்லை.

அம்மா எங்களோடு ஆறு வருஷம் இருந்தாள். நாலாவது வருஷம் எனக்கு முழங்கால் வலி வந்து சமையற்கட்டில் நிற்க முடியாமல் போனது. அம்மா ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முளைக்கீரையைப் பரப்பி, இலையை ஒரு பக்கமும் இளந்தண்டை ஒரு பக்கமும் ஒதுக்கினாள். நான் எப்போதும் குப்பையில் போடும் முற்றின தண்டை எடுத்து, விரலால் நார் உரித்து, துண்டு துண்டாக நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அந்த மணைக்கு வேறு இடமே இல்லை. எப்போதிலிருந்து ராத்திரி நடப்பது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பீரோவைத் திறந்தபோது, மேல் தட்டில் நாலு புடவையும் சம்புடமும் கண்ணாடியும் இருந்தன. தகரப் பெட்டி சமையற்கட்டு மூலையில் இருந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்த புளியை அதில் அடைத்து வைத்திருந்தாள்.